கட்டணம் இல்லாத சுற்றுலா: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். கொடைக்கானலா, கன்னியாகுமரியா, மதுரைப் பக்கத்துத் தீம் பார்க்கா என்று ஆலோசனை நடக்கும். பஸ் வாடகை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுப்பில் சொல்வீர்கள். அன்று சாயங்காலம் சில பிள்ளைகள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அம்மா முகம் வாடும் என்று அவர்களுக்குத் தெரியும். சுற்றுலா நாளில் "காய்ச்சல்" என்று வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் மற்றவர்கள் பேசும் கதைகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மில்லுக்கும் தறிக்கும் தோப்பு வேலைக்கும் போகிற வீடுகள் நிறைந்த ஊர் நம்முடையது. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் சுற்றுலாப் பணம் ஒரு மாதத்து மளிகையைத் தின்றுவிடும். அந்தப் பெற்றோரில் ஒருவர் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். தூரத்துச் சுற்றுலாவை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அதற்கு முன்னால், வகுப்பில் ஒரு பிள்ளைகூட விடுபடாத சுற்றுலா ஒன்றை இந்த ஆண்டு நடத்துங்கள் என்று கேட்கிறேன். அதற்கு வேண்டிய இடங்கள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் நம் இரண்டு ஊர்களிலும் இருக்கின்றன. அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் மாணவிகளுக்கும் கட்டணம் இல்லை. பையன்களின் பஸ் காசுதான் செலவு. அதையும் பள்ளியே பார்த்துக்கொள்ள முடியும்.

முதலில் ஆண்டாள் கோயிலைச் சொல்கிறேன். "அதெல்லாம் பிள்ளைகள் நூறு தடவை பார்த்ததுதானே" என்பீர்கள். சாமி கும்பிடப் போயிருப்பார்கள். பார்க்கப் போயிருக்க மாட்டார்கள். வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரத்துக்கு 11 நிலைகள், உயரம் 190 அடிக்கு மேல். பத்தாம் வகுப்புக் கணக்கில் முக்கோணவியல் பாடம் வருகிறதல்லவா? ஒரு பாகைமானியின் நடுவில் நூலைக் கட்டி, நுனியில் சிறு கல்லைத் தொங்கவிட்டால் கோணம் அளக்கும் கருவி தயார். கோபுரத்தின் உச்சி சரியாக 45 பாகையில் தெரியும் இடம் வரை பிள்ளைகள் பின்னால் நடக்கட்டும். அங்கிருந்து கோபுர அடிவரை உள்ள தூரத்தை அளந்து, தங்கள் கண்மட்ட உயரத்தையும் கூட்டட்டும். கோபுரத்தின் உயரம் கையில் வந்துவிடும். கோபுர அடி அகலமானது, உச்சி உள்ளே தள்ளியிருக்கிறது, அதனால் கொஞ்சம் பிசகும். ஏன் பிசகுகிறது என்று கண்டுபிடிப்பதே இன்னொரு பாடம்.

அரசுப் பாடநூலின் அட்டையில் தமிழக அரசின் இலச்சினை இருக்கும். அதில் உள்ள கோபுரம் இதுதான் என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வோம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம் என்று சொல்பவர்களும் உண்டு. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, நிலைகளை எண்ணி, வடிவத்தை ஒப்பிட்டுப் பிள்ளைகளே ஒரு முடிவுக்கு வரட்டும். கேள்விப்பட்டதைக் கண்ணால் சரிபார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கும்.

உள்ளே போனால் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைக் காட்டுங்கள். தினமும் புதிதாகச் செய்கிற கிளி அது. உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம் மொட்டு, நடுவில் தாங்கிப் பிடிக்க மூங்கில் குச்சி, கட்டுவதற்கு நார். இலையை அடுக்குவதிலும் மடிப்பதிலும் அவ்வளவு நேர்த்தி இருக்கும். அத்தனை பாடும் ஒரே ஒரு நாளுக்கு. மறுநாள் வேறு கிளி, மறுபடி அதே உழைப்பு. வகுப்பில் கைவேலைப் பாடத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்து பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கும் கள்ளழகருக்கும் போகிறது. நம் ஊர்ப் பூ எவ்வளவு தூரம் பயணம் போகிறது என்பதை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம்.

நந்தவனத்துக்கும் அழைத்துப் போங்கள். பெரியாழ்வார் துளசிச் செடியருகே ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்ததாகச் சொல்லும் இடம் அதுதான். மாலையைச் சூடிக்கொண்டு அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றையும் காட்டுங்கள். பன்னிரண்டு ஆழ்வார்களில் இரண்டு பேர் இந்த ஒரே ஊர், அதில் ஒருத்தி அந்தப் பன்னிருவரில் இருக்கும் ஒரே பெண். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று இதைக் கேட்க வேண்டும். அவர்கள் வயதையொத்த பெண் எழுதியதுதான் இன்றுவரை மார்கழி விடியலில் தமிழ்நாடு முழுக்கப் பாடப்படுகிறது என்று சொல்லுங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் இருப்பார்கள். இந்து அல்லாதவர்கள் கோயிலுக்குள் எதுவரை போகலாம் என்பதை முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்றபடி கோபுரம், ரத வீதி, தேர், திருமுக்குளம் என்று எல்லோரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடங்களில் பாடத்தை வையுங்கள். காசில்லாத பிள்ளை விடுபடக் கூடாது என்று தொடங்கிய பயணத்தில் வேறொரு காரணத்துக்காக ஒரு பிள்ளை வாசலில் காத்திருக்கக் கூடாது.

கோயிலிலிருந்து பென்னிங்டன் நூலகத்துக்கு வாருங்கள். 1875-இல் தொடங்கியது. சென்னை கன்னிமாரா நூலகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது 1896-இல். அதற்கு 21 ஆண்டுகள் முன்பே நம் ஊரில் பொதுமக்களுக்கு ஒரு நூலகம் வந்துவிட்டது. அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது; அங்கே கலெக்டராக இருந்தவரின் பெயரே நூலகத்துக்கு. நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1948-இல்தான். சட்டமும் அரசு மானியமும் வருவதற்கு முன்னால், ஊர்க்காரர்கள் தாங்களே கூடி இதை நடத்தினார்கள். பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, அச்சிட்ட ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவின் தாத்தா பிறப்பதற்கு முன்பு அச்சான தாளைக் கையில் தொடும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினராக வேண்டும். உட்கார்ந்து படிப்பதற்குக் கதவு திறந்திருக்கிறது.

நூலகத்தில் இருக்கும்போதே சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆண்டாளின் கதையை 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்கில் காவியமாக எழுதினார். களம் ஸ்ரீவில்லிபுத்தூர், எழுதியவர் விஜயநகரப் பேரரசர். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தைச் சேர்ந்த பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா. சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்புக்கு விருது கொடுக்கத் தொடங்கிய 1989-இல் தமிழுக்கான விருது அந்த நூலுக்கே கிடைத்தது. உங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர்! இரண்டு மொழி தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை அவர்களுக்குச் சொல்ல இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

மழைக்காலம் முடிந்ததும் கண்மாய்க்குப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய் நிறைந்திருக்கும்போது கரையில் நின்றாலே போதும். மேற்கே மலை, காலடியில் தண்ணீர், நடுவில் கொக்கும் நாரையும் முக்குளிப்பானும். ஆனால் அழகோடு நிறுத்திவிடாதீர்கள். மலையில் பெய்த மழை எந்த வரத்துக்கால் வழியாக வருகிறது, மடை எங்கே இருக்கிறது, கலிங்கு எங்கே, கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று பிள்ளைகளை நடந்து பார்த்துப் படம் வரையச் சொல்லுங்கள். ஒன்று நிறைந்து அடுத்ததற்குக் கொடுக்கும்படி கண்மாய்களைச் சங்கிலியாக இணைத்தவர்கள் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. நிலத்தின் சரிவைக் காலால் அறிந்தவர்கள். வரத்துக்கால் எங்கே குப்பையால் அடைபட்டிருக்கிறது என்பதும் அந்தப் படத்தில் வந்துவிடும். பிள்ளைகள் கையால் வரைந்த அந்தப் படத்தின் பிரதி ஒன்றை நகராட்சிக்கு அனுப்புங்கள்.

இந்த மலையில் இறங்கும் ஓடைகள் வைப்பாற்றில் சேர்ந்து, சாத்தூரைக் கடந்து, மன்னார் வளைகுடா வரை போகின்றன. மலைக்குள் போவதைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. செண்பகத்தோப்பும் அய்யனார் கோயில் பக்கமும் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அது காடு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமானது. 2021-இல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் ஐந்தாவது. அங்கே நேரமும் கட்டணமும் விதியும் வனத்துறை வைப்பதுதான். திடீர் வெள்ளம் வரும் ஓடைகள் வேறு. வனத்துறைக்குப் பள்ளியின் பெயரில் கடிதம் எழுதி, அவர்கள் ஆள் கூட வந்தால் மட்டும் அழைத்துப் போங்கள்.

அதுவரை, அடிவாரத்து மாந்தோப்புப் பக்கமே போதும். ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையில் போனால் தோப்புகள் தொடங்கும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் நம் மண்ணின் ரகங்கள். கடையில் வாங்கித் தின்ற பிள்ளைகளுக்கு எது எந்த மரம் என்று தெரிவதில்லை. தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் மரத்தையும் ஒட்டுக் கட்டுவதையும் காட்டுவார். சாம்பல் நிற அணிலின் வீடும் இப்படி மாவும் புளியும் உயர்ந்து கிளை கோத்து நிற்கும் இடங்கள்தான். அது தரைக்கு வருவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவியே போகும். உயரத்தில் இலையும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டும். அதனால் ஒரு பெரிய மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகிறது. இந்த ஒரு வாக்கியம் புரிவதற்கு மரத்தடியில் அண்ணாந்து நிற்க வேண்டும்.

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்தைக் காட்டுங்கள். பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானபோது நம் மாநிலத்தின் தலைமையில் இருந்தது இந்த ஊர்க்காரர். பின்னர் ஒரிசாவின் ஆளுநரானார். தன் சொந்த வீட்டையே கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்தார். குடிமையியல் பாடத்துக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: முதல்வராக இருந்தபடியே 1952 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்று தோற்றார். எவ்வளவு பெரிய ஆளையும் ஓட்டுப் போட்டு மாற்றலாம் என்ற ஜனநாயகப் பாடம் நம் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது. அதே மனிதர்தான் தன் வீட்டை ராஜபாளையம் மக்களுக்குத் தந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாடம் முழுமையாகும்.

கடைசியாக, சத்திரப்பட்டிப் பக்கம் வாருங்கள். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி தயாராகும் இடம். தறிச் சத்தம் தெருவிலேயே கேட்கும். நெய்த துணியைச் சலவை செய்து, வெட்டவெளியில் நீள நீளமாகக் காயப்போட்டிருப்பார்கள். வெயிலில் கண் கூசும் அந்த வெள்ளைக்கு நடுவே ஆட்கள் துணியை உதறிப் பிரித்துக்கொண்டு போவார்கள். ஒரு துண்டை வாங்கிக் கண்ணருகே பிடித்தால் நூலுக்கும் நூலுக்கும் நடுவே சல்லடைபோல இடைவெளி தெரியும். வேட்டித் துணி மாதிரி இறுக்கமாக இல்லாமல் ஏன் இப்படி நெய்கிறார்கள் என்று கேளுங்கள். புண்ணில் காற்றுப் பட வேண்டும், கசிவை உறிஞ்ச வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அநேகமாக அந்தப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ தறியில் நிற்பவர்களாக இருப்பார்கள். சுற்றுலாப் பணம் கட்ட முடியாமல் வீட்டில் இருந்த பிள்ளை, இங்கே வகுப்புக்கே வழிகாட்டி. உரிமையாளரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, ஓடும் தறிக்குப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படியிலும் இதையே செய்யலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். வாங்கத்தான் காசு வேண்டும். பாலும் சர்க்கரையும் சுண்டிச் சுண்டித் திரளும் வரை கை ஓயாமல் கிண்டுவதை நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

இன்னும் இருக்கின்றன. மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில், பெத்தவநல்லூர் மாயூரநாத சுவாமி கோயில், தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை. ஒவ்வொன்றும் அரை நாள் பாடம்.

வெளிநாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 2001 முதல் பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலை. மாட்ரிட்டில் பிராடோ ஓவியக் கூடம், மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. காசில்லாத வீட்டுப் பிள்ளையும் நல்லதைப் பார்க்க வேண்டும் என்று அரசாங்கமும் நிறுவனமும் முடிவெடுத்து, அதற்குச் செலவும் செய்கின்றன. நம் ஊரில் அந்த முடிவை எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள்: குளம் வெட்டியவர்கள், கோபுரம் எழுப்பியவர்கள், நூலகம் தொடங்கியவர்கள், வீட்டைக் கொடுத்தவர். நாம் போகாமல் விட்டால் இந்த இடங்கள் மெல்லக் கைமாறும். யாரும் எட்டிப் பார்க்காத கண்மாய்க் கரையில் குப்பை விழும். வாசகர் வராத நூலகத்தில் பூச்சிதான் படிக்கும். பிள்ளைகளின் கால் படுகிற இடத்தைத் தொடுவதற்கு எவரும் ஒரு கணம் யோசிப்பார்கள். நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு இதுவும் காரணம்.

சிரமங்கள் எனக்குத் தெரியும். இந்த இடங்கள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு அது பெரிய பாடு. வழியில் இருக்கும் பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லி வைத்தால் கதவு திறக்கும். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள்; காலையில் கோயில், பிறகு நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். கண்மாயில் கரையோடு நிற்க வேண்டும், ஒருவர்கூட இறங்கக் கூடாது. மதியச் சாப்பாடு அவரவர் வீட்டுக் கட்டுச்சோறு. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாம். ஒரு நாளுக்கு இரண்டே இடம், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரமாவது.

கூட வருவதற்குப் பெற்றோர் நாங்கள் இருக்கிறோம். விடுப்பு நாளில் ஐந்து பேர் வேண்டும் என்று கேளுங்கள், பத்துப் பேர் வருவோம். எந்த இடத்தில் தொடங்கலாம் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்; வகுப்பில் கேளுங்கள். சேத்தூரிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் தளவாய்புரத்திலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு நீங்களும் நானும் கேள்விப்படாத ஊருணியும் பாறையும் கல்வெட்டும் தெரிந்திருக்கும். அவர்கள் சொல்வதைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, கை தூக்கச் சொல்லி, அதிகக் கைகள் உயர்ந்த இடத்துக்கு வருகிற மாதமே ஒரு தேதி குறியுங்கள்.

அன்புடன்,
ராஜபாளையத்திலிருந்து ஒரு பெற்றோர்